எங்கட மருமகள் ஹாபிழா

பெருமை பேசுவதில் கைறுன்னிஸாவை மிஞ்சப் பல்லேபொலப் பக்கத்தில் ஆள் கிடையாது. தோட்டத்துக் கராம்பைப் பற்றிப் பேசுவாள், தன் கை இடியப்பத்தைப் பற்றிப் பேசுவாள், கட்டாரில் வேலை பார்க்கும் மகன் றினோஸைப் பற்றிப் பேசுவாள். எல்லாம் முடிந்த பிறகு மருமகளுக்கு வருவாள். "எங்கட மருமகள் ஹாபிழா" என்று ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மீன்காரனிடம்கூடச் சொல்லியாயிற்று. பாவம், அவன் சிங்கள ஆள். தலையை ஆட்டிவிட்டு மீனை நிறுத்துக் கொடுத்தான்.

அந்த வாய்தான் போன வாரம் வினையை இழுத்து வந்தது. நோன்பு மாதத்து இரவுகளில் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டித் தராவீஹ் தொழுகை தொழுவிப்பவர் ஜெஸீமா டீச்சர். மகளின் பிரசவத்துக்கு அவர் குருநாகலுக்குப் போகவேண்டி வந்தது. "நீங்க நிம்மதியாப் போங்க டீச்சர். முழுக் குர்ஆனையும் நெஞ்சில வெச்சிக்கிட்டு எங்கட வீட்டுல ஒருத்தி இரிக்கிறாளே" என்று கைறுன்னிஸா வாக்குக் கொடுத்துவிட்டாள். அந்த ஒருத்தியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேற்றிரவுத் தொழுகையை முடித்துக்கொண்டு டீச்சர் கிளம்பின பிறகுதான் நுஸ்ராவுக்குச் செய்தியே தெரியும்.

தெரிந்ததிலிருந்து அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, கண்ணும் மூடவில்லை.

நுஸ்ரா பதினாலு வயதில் முழுக் குர்ஆனையும் பார்க்காமல் ஒப்புவித்து ஹாபிழா ஆனவள். அதில் பொய் கிடையாது. ஆனால் மனனம் என்பது ஒரு தரம் வாங்கி அலுமாரியில் பூட்டி வைக்கிற சாமானா என்ன? நாளும் ஓதிக்கொண்டே இருக்கவேண்டும். ஓதாத பக்கம் சத்தமில்லாமல் கழன்று போகும். நுஸ்ராவிடமிருந்து அப்படிப் பாதிக்கு மேல் போய், வருடங்கள் ஆகிவிட்டன. அது அவளுக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

யாரிடம் சொல்வது? றினோஸ் சீதனம் ஒன்றும் வேண்டாம் என்று அவளைக் கட்டினவன். "ஹாபிழாப் பொண்ணு வீட்டுக்கு வாறதே பரக்கத்" என்று கைறுன்னிஸா நாலு பேர் முன்னால் சொல்லித்தான் சம்பந்தம் முடிந்தது. அந்தப் பட்டத்தை எடுத்துவிட்டால் இந்த வீட்டில் தான் யார் என்று நுஸ்ராவுக்குப் புரியவில்லை.

இன்று எட்டாம் நோன்பு. தொழுகையில் இரவுக்கு ஒரு ஜுஸ்உ, அதாவது குர்ஆனின் முப்பதில் ஒரு பாகம், இருபது பக்கம், என்பது இங்கே கணக்கு. இன்றிரவு ஒன்பதாவது ஜுஸ்உ.

விடியலில் ஸுபஹ் தொழுத கையோடு நுஸ்ரா பின்பக்கம் போய், கராம்பு காயப் போட்டிருந்த படங்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முந்தானைக்குள் குர்ஆன். கண்ணை மூடி ஓதத் தொடங்கினாள். முதல் இரண்டு பக்கம் தண்ணீராக ஓடியது. அட, இவ்வளவுதானா என்று மனம் கொஞ்சம் துள்ளவும் செய்தது. மூன்றாவது பக்கத்தின் கடைசியில் மூஸா நபியும் ஃபிர்அவ்னின் சூனியக்காரர்களும் வந்தார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

அந்தச் சம்பவம் குர்ஆனில் ஒரே இடத்தில் மட்டும் வருவதில்லை. இந்த ஸூறாவில், அதாவது அத்தியாயத்தில், வருகிற வசனம் அச்சு அசலாக இன்னொரு ஸூறாவிலும் வரும். அடுத்த வசனத்தில் ஒரு சொல் மாறும். நினைவு பிசகினால் நாக்கு தன்பாட்டுக்கு மற்ற ஸூறாவுக்குள் இறங்கிவிடும். பார்த்து ஓதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. இது ஹாபிழ்களுக்கென்றே உள்ள குழி. நாளும் ஓதுகிறவர்கள் அதைத் தாண்டப் பழகியிருப்பார்கள். நுஸ்ரா மூன்று தரம் தாண்டிப் பார்த்து மூன்று தரமும் விழுந்தாள்.

"மகள், என்ன அங்க?"

பின்கதவில் கைறுன்னிஸா நின்றாள். நுஸ்ரா குர்ஆனை முந்தானையால் மூடினாள். திருட்டுத்தனம் செய்தவள் மாதிரி.

"சும்மா, மாமி. கராம்பப் பாத்தேன்."

"ம்" என்றாள் மாமி. அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

வழக்கமாக இந்த நேரத்துக்குள் ஐந்து வேலை சொல்லியிருப்பாள். இன்று ஒன்றுகூடச் சொல்லவில்லை. கோபமாக இருக்கிறாளோ என்று நுஸ்ராவுக்கு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது.

பத்து மணிக்கு மாத்தளை டவுனிலிருந்து த்ரீவீல் ஒன்று வந்து நின்றது. றினோஸின் மூத்த சகோதரி, ஜஸ்லா ராத்தா, இறங்கினாள். ஒரு கையில் பேரீச்சம்பழப் பெட்டி. மற்றக் கையை வீசிக்கொண்டே வாசலிலிருந்தே தொடங்கிவிட்டாள்.

"ஹாபிழா எங்க? டவுன் முழுக்கச் செய்தி வந்திட்டு!"

"வாங்க மதினி."

"எங்கட பக்கத்துலயும் ஹாபிழாமார் இரிக்கிறாங்க புள்ள. விடிஞ்சா ஓதுறாங்க, பொழுதுபட்டா ஓதுறாங்க. ஓதல் சத்தம் ரோட்டுக்குக் கேக்கும். நீ ஓதி நான் ஒரு நாளும் கேட்டதில்லயே?"

நுஸ்ராவின் வாய் உலர்ந்தது. அது நோன்பினால் அல்ல.

குசினிக்குள் இருந்து கைறுன்னிஸாவின் குரல் வந்தது. "நீ வந்தா ஒன்ட வாய் மட்டும்தான் இந்த வீட்டுல கேக்கும். வேற சத்தம் எங்க கேக்கிற? வந்து சமோசாவுக்கு மா பிசை."

ஜஸ்லா சிரித்துக்கொண்டே போனாள். அவள் கெட்டவளல்ல. மனதில் உள்ளதை நாக்கில் வைத்திருப்பவள். அப்படிப்பட்டவர்கள் வீட்டில் இருந்தால், மனதில் ஒன்றை ஒளித்துவைத்திருப்பவர்களுக்குத்தான் மூச்சு முட்டும்.

மதியம் லுஹர் தொழுது முடிய றினோஸ் அழைத்தான். வீடியோவில் அவன் முகமெல்லாம் சிரிப்பு.

"ராத்தா சொன்னாங்க. இண்டைக்கி நீயாம்! ரூமுல எல்லாருக்கும் சொல்லிட்டேன் நுஸ்ரா. ஒரு ஆள் கேக்கிறார், ஒங்கட வைஃப் உண்மையாவே முப்பது ஜுஸ்உவும் பாடமான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கண்ண மூடினா ஓடும்ன்டு சொன்னேன்."

அவள் திரையைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடலாம். ஒரு வசனம் போதும். வாயைத் திறந்தாள்.

"எனக்குக் கொஞ்சம் பயமா இரிக்கி."

"ஒனக்கென்ன பயம்? இருவது பொம்புளைங்க, அதுவும் நம்ம ஆக்கள். நல்லா ஓது. எனக்கும் துஆக் கேளு. இந்த மாசம் எனக்குத் துஆ ரொம்ப வேணும்."

அவன் குரல் கடைசியில் சற்றே இறங்கியதை அவள் கவனித்தாள். ஆனால் தன் பயத்துக்கு மேல் இன்னொருவரின் பயத்தைத் தூக்க அவளிடம் இடமில்லை. வைத்துவிட்டாள்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கஞ்சிக்கு இஞ்சி தட்டக் குசினிக்குப் போனாள். கைறுன்னிஸா அகப்பையாலேயே வழியை மறித்தாள்.

"கஞ்சிய நான் பாத்துக்கிறேன். நீ போ."

"ஒரு கை ஒதவிக்கு..."

"போன்டு சொல்றேன்ல?"

குரல் கடுகடுவென்று இருந்தது. நுஸ்ரா வாசலிலேயே நின்றாள். ஒரு வழி இருந்தது. குர்ஆனைப் பார்த்து ஓதியே தொழுவிக்கலாம். மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு. அதைக் கேட்டுவிட்டால் என்ன? கேட்டாள்.

"மாமி, இண்டைக்கி நான் பாத்து ஓதித் தொழுவிக்கட்டா?"

சமோசா மடித்துக்கொண்டிருந்த ஜஸ்லா நிமிர்ந்து சிரித்தாள். "ஹாபிழா பாத்து ஓதுறதா? நல்ல கதை. அதுக்கு நானே தொழுவிப்பேனே!"

நுஸ்ராவும் சிரித்தாள். "சும்மா கேட்டேன்" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கைறுன்னிஸா கஞ்சியைத் துழாவுவதை நிறுத்திவிட்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள் என்று ஜஸ்லா பிறகு சொன்னாள்.

நோன்பு திறந்தார்கள். மஃரிபும் முடிந்தது. இரவு இஷாத் தொழுகைக்கு முன்பே பெண்கள் வரத் தொடங்கினார்கள். ஹோலில் இருந்த கதிரை, மேசையெல்லாம் வெளியே போய், பாய்கள் விரிந்தன. ஒரே ஒரு கதிரை மட்டும் ஓரத்தில் மிஞ்சியது. அது முழங்கால் நோவுக்காரி கைறுன்னிஸாவுக்கு. வழக்கம்போல அவள் மடியில் பெரிய எழுத்துக் குர்ஆன். அவள் சின்ன வயதில் எழுத்துக் கூட்டி ஓதப் படித்தவள். இன்றும் எழுத்துக் கூட்டித்தான் ஓதுவாள். டீச்சர் ஒரு பக்கம் முடிக்கையில் இவள் நாலாவது வரியில் நிற்பாள். யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை.

பெண்களுக்குப் பெண் தொழுவிக்கும்போது முன்னால் தனியே போய் நிற்பதில்லை. முதல் வரிசையின் நடுவிலேயே நிற்பாள். நுஸ்ராவின் வலது தோளோடு ஜஸ்லாவின் தோள் ஒட்டியிருந்தது. ஒளிய இடமே இல்லை.

தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினாள். முதல் சுற்று, முதல் றக்அத், நன்றாகப் போனது. இரண்டாவது அதைவிட நன்றாக. அவளுக்கு இனிமையான குரல். வருடக்கணக்காக அந்தக் குரலைக் கேட்காத வீடு இன்று அதைக் கேட்டது. மூன்றாவது றக்அத்தில் பின்வரிசையில் யாரோ விம்மினார்கள். உண்மையைச் சொன்னால், நுஸ்ராவுக்கே தன் குரல் பிடித்திருந்தது.

நாலாவது றக்அத்தில் சூனியக்காரர்கள் ஸுஜூதில் விழுந்தார்கள். ஈமான் கொண்டோம் என்றார்கள். அடுத்த வசனம் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. தடங்கலே இல்லை. நுஸ்ரா சந்தோஷமாக ஓதிக்கொண்டே போனாள். திடீரென்று அவள் நாக்கின் நுனிக்கு ஒரு வசனம் வந்து நின்றது. அடியார்களை அழைத்துக்கொண்டு இரவோடிரவாகப் புறப்படுமாறு மூஸா நபிக்குக் கட்டளை வருகிற வசனம்.

அது இந்த ஸூறாவே இல்லை. அது பத்தொன்பதாவது ஜுஸ்உ. மாத்தளைக்குப் போக பஸ் ஏறினவள் எதிர்ப்பக்கத்து நாலந்தாவில் கண்விழித்த மாதிரி ஆகிவிட்டது.

அவள் நிறுத்தினாள்.

யாருக்கும் தெரியாது. இருபது பேரில் ஒருவருக்கும் தெரியாது. இப்படியே ஓதி முடித்தால் நாளைக்கு எல்லாரும் "மாஷா அல்லாஹ், என்ன ஓதல்" என்பார்கள். ஜஸ்லாகூட வாயடைத்துப் போவாள். இல்லையென்றால் இந்த இடத்திலேயே றுகூவுக்குக் குனிந்துவிடலாம். அதுவும் யாருக்கும் தெரியாது.

ஆனால் அவள் ஓதிக்கொண்டிருந்தது ஜஸ்லாவுக்காகவா?

பின்னுக்குப் போய்த் திரும்ப ஓதினாள். சூனியக்காரர்கள் ஸுஜூதில் விழுந்தார்கள். ஈமான் கொண்டோம் என்றார்கள். நாக்கு மறுபடியும் அதே பக்கம் சாய்ந்தது. உடனே நிறுத்தினாள். இன்னொரு தரம். இன்னொரு தரமும் அதே. காது சுட்டது. தோளோடு நின்ற ஜஸ்லா மெல்ல அசைந்தாள். வெளியே நாய் குரைத்தது. ஹோலுக்குள் ஒரு சத்தமுமில்லை.

அந்த அமைதிக்குள் ஓரத்துக் கதிரையிலிருந்து ஒரு குரல் எழும்பியது. கரகரப்பான குரல். எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு சொல்லாக, தடுக்கித் தடுக்கி, அடுத்த வசனம் வந்தது. சரியான ஸூறாவின் சரியான வசனம். உச்சரிப்பு பழைய ஓதல்பள்ளி உச்சரிப்பு. ஆனால் வசனத்தில் பிழையில்லை.

நுஸ்ரா அதைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் ஒரு பக்கம் ஓடினாள். ஆறாவது றக்அத்தில் மறுபடியும் நின்றாள். கதிரையிலிருந்து மறுபடியும் குரல் வந்தது. இப்படி அன்றிரவு பதினொரு தரம் நடந்தது. மருமகள் நிற்பாள். மாமி எழுத்துக் கூட்டுவாள். மருமகள் எடுத்துக்கொண்டு போவாள். இருபது றக்அத் முடிய வழக்கத்தைவிட அரைமணித்தியாலம் கூடிவிட்டது. நுஸ்ரா ஸலாம் கொடுத்துவிட்டுத் தலை நிமிரவில்லை.

முதலில் பேசியது ஜஸ்லாதான். வேறு யார்?

"உம்மா, தொழுகைக்குள்ள குர்ஆனப் பாத்து எடுத்துக் குடுத்தா தொழுகை கூடுமா?"

"கூடும்" என்றாள் கைறுன்னிஸா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே. "ரெண்டாம் நோம்புலயே பள்ளி ஹஸ்ரத்துக்கிட்ட ஆள் அனுப்பிக் கேட்டுட்டேன்."

பக்கத்து வீட்டு நோனா எழும்பி முழங்காலைத் தடவிக்கொண்டாள். "எப்படியோ, டீச்சரோட தொழுதா பஸ்ஸப் புடிக்கப் போற மாதிரி. இண்டைக்கித்தான் நிண்டு நிதானமாத் தொழுதேன். நாளைக்கி என்ட மகளையும் கூட்டிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மற்றவர்களும் ஸலாம் சொல்லிக் கிளம்பினார்கள்.

நுஸ்ராவின் காதில் ஒன்று மட்டும் நின்றுபோய்விட்டது. ரெண்டாம் நோம்புலயே.

ஜஸ்லா படுக்கப் போன பிறகு குசினியில் கஞ்சிச் சட்டி கழுவிக்கொண்டிருந்த மாமியிடம் போனாள்.

"மாமி, ஒங்களுக்குத் தெரியும். எனக்கு மறந்திட்டதுன்னு முந்தியே தெரியும்."

கைறுன்னிஸா சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஏழு வருசமாத் தெரியும்."

"அப்ப ஏன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க? ஏன் டீச்சர்கிட்ட வாக்குக் குடுத்தீங்க? என்ன எல்லாருக்கும் முன்னால..." நுஸ்ராவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"இரு மகள். கேளு." கைறுன்னிஸா பலகையில் உட்கார்ந்தாள். "நீ கல்யாணம் முடிச்சி வந்த புதுசுல ஸுபஹுக்குப் பொறகு ஒரு மணித்தியாலம் ஓதுவ. நான் படுக்கையில இருந்து கேட்டுக்கிட்டே இரிப்பேன். அந்த நேரம்தான் சந்திக் கடை ரெண்டுக்கும் இடியப்பம் போகணும். எனக்குக் கை ஏலாமப் போச்சி. ஒரு நாள் ஒன்னக் கூப்பிட்டேன். மறுநாளும் கூப்பிட்டேன். இடியப்ப உரல ஒன்ட கையில குடுத்திட்டேன்."



"ஆரம்பத்துல இடியப்பம் புழிஞ்சிக்கிட்டே ஓதின. பொறகு முணுமுணுத்த. பொறகு வாய் மட்டும் அசைஞ்சிச்சி. ஒரு நாள் பாத்தேன், வாயும் அசையல்ல. அண்டைக்கே எனக்கு விளங்கிட்டு. நான் கேக்கல்ல. கேட்டா நான் செஞ்ச பாவத்த நானே ஒத்துக்கணும்ல? அதனால ஊருக்குச் சொன்னேன், ஹாபிழா ஹாபிழான்னு. சொல்லச் சொல்ல அது உண்மையாவே இரிக்கிற மாதிரி எனக்கொரு சமாதானம்."

அவள் குரல் உடைந்தது. ஒன்பது வருடத்தில் மாமி அழுது நுஸ்ரா பார்த்தது மாமா மௌத்தான அன்றைக்கு மட்டும்தான்.

"டீச்சர் போறாங்கன்னு தெரிஞ்சதும் நினச்சேன், ஒன்னத் திரும்ப ஓத வெக்க இதுதான் கடைசி வழி, முந்தியே சொன்னா நீ மாட்டேன்டுவன்னு. நீ விழுந்தா எடுத்துக் குடுக்க ஆள் வேணும்ல? தலநோம்புல இருந்து ஒவ்வொரு நாளும் பகல்ல இந்த ஒம்பதாவது ஜுஸ்உவ எழுத்துக் கூட்டிப் பாத்துக்கிட்டேன். எட்டு நாள். இண்டைக்கி முழுக்க பயம். நீ நிக்கிற நேரம் என்ட விரல் வேற எங்கயாச்சும் நிண்டிரிந்தா என்ன செய்றது? முதல் தரம் தேடித்தான் புடிச்சேன்."

இன்று காலையிலிருந்து தன்னை ஏன் ஒரு வேலைக்கும் கூப்பிடவில்லை, கஞ்சிக்கு ஏன் விடவில்லை என்று நுஸ்ராவுக்கு இப்போது விளங்கியது. தன் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பலகைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மாமியின் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள். நோவுக்கார முழங்கால்தான். கைறுன்னிஸா காலை நகர்த்தவில்லை.

"பத்தாவது ஜுஸ்உவ நான் பாக்கல்ல மகள்" என்றாள். "அதுக்குள்ள எனக்கு நேரம் போதல்ல."

"நான் பாக்கிறேன் மாமி."

"நோம்பு முடிஞ்சாலும் ஸுபஹுக்குப் பொறகு நீ குசினிப் பக்கம் வரக் கூடாது. கடைக்காரனுக்கு இடியப்பம் வேணும்ன்டா அவன்ட பொஞ்சாதிய புழியச் சொல்லு."

நுஸ்ரா சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஒங்கட மகனுக்கு யாரு மாமி சொல்றது?"

"அத நான் எடுத்துக் குடுக்க ஏலாது" என்றாள் கைறுன்னிஸா. "அத நீயேதான் ஓதணும்."

மறுநாள் ஸஹர் சாப்பாடு முடிந்து ஸுபஹும் தொழுதாயிற்று. குசினிக் கதவைக் கைறுன்னிஸா உள்ளிருந்தே சாத்திக்கொண்டாள். நுஸ்ரா அறையில் உட்கார்ந்து ஃபோனை எடுத்தாள். வாட்ஸ்அப்பில் றினோஸுக்குக் குரல் செய்தி. மூன்று தரம் தொடங்கி மூன்று தரம் அழித்தாள். நாலாவது தரம் நிறுத்தவில்லை.

"நான் முந்தி ஹாபிழாவா இருந்தேன். இப்ப இல்ல. பாதிக்கு மேல மறந்து ஏழு வருசம். ஒங்ககிட்டச் சொல்லல்ல. நீங்க அதுக்காகத்தான் என்னக் கட்டினீங்கன்னு பயந்திட்டேன். நேத்து பதினொரு இடத்துல நிண்டேன். மாமிதான் எடுத்துக் குடுத்தாங்க. இண்டைல இருந்து திரும்ப ஓதப் போறேன். எத்தனை வருசம் எடுக்கும்ன்டு தெரியாது. நீங்க என்ன சொன்னாலும் ஓதுவேன்."

அனுப்பிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். குர்ஆனைத் திறந்து பத்தாவது ஜுஸ்உவின் முதல் பக்கத்தில் விரலை வைத்தாள். ஒரு பக்கம் முடித்தாள். இரண்டாவது பாதியில் ஃபோன் அதிர்ந்தது.

செய்தியல்ல. அழைப்பு. கட்டாரில் இப்போதுதான் ஸஹர் நேரம்.

எடுத்தாள். வீடியோ இல்லை, குரல் மட்டும்.

"நுஸ்ரா."

"சொல்லுங்க."

"அழுறியா?"

"இல்ல. ஓதிக்கிட்டு இரிக்கிறேன்."

"ஓது. நீ ஓதுறதக் கேக்கணும் போல இரிக்கி." அவன் தொண்டையைச் செருமினான். "நீ இவ்வளவயும் மறைக்காமச் சொல்லிட்ட. இனி நானும் சொல்லத்தானே வேணும். இங்க என்ட வேலை விசயத்த மூணு மாசமா உம்மாகிட்டயும் சொல்லல்ல, ஒன்கிட்டயும் சொல்லல்ல."

நுஸ்ரா குர்ஆனுக்குள் வைத்திருந்த விரலை எடுக்காமலே, ஃபோனைக் காதோடு இறுக்கிப் பிடித்தாள்.

"சொல்லுங்க" என்றாள். "நான் இங்கதான் இரிக்கிறேன்."